“ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்…”

(ஊர்ப் பெயர், நிறுவனத்தின் பெயர், ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.)

எழுதியவருக்கு வயது 29, சொந்த ஊர் சேலம் பக்கம். சிவில் இன்ஜினியரிங் முடித்து, நகரமைப்பில் மேற்படிப்பு படித்தவர். மதுரை நகரம் வளர்ந்து வந்து முட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிராமத்தில், கண்மாயையும் (பாசன ஏரி) அதைச் சுற்றியுள்ள குடியிருப்பையும் சீரமைக்கும் திட்டத்துக்கு ஒன்றரை வருடமாக ஒருங்கிணைப்பாளர். கரையைப் பலப்படுத்துவது, மடைகளைப் பழுது பார்ப்பது, கலுங்கை (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) அரையடி உயர்த்துவது, கரையோரம் நடைபாதை, ஒரு சமுதாயக் கூடம் ஆகியவை திட்டத்தில் உண்டு.

“ஊர்ப் பொதுவிடமான மந்தையில் நான்கு கூட்டம் போட்டேன். படம் போட்டுக் காட்டி விளக்கினேன். ஆண்கள் நாற்பது பேர் வந்தார்கள், பெண்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கூட்டத்தில் ஒரு பெரியவர், ‘கலுங்கப் பத்தி ஒனக்கு என்னடா தெரியும்?’ என்று துண்டை உதறிவிட்டுப் போனார். பாதிக் கூட்டம் அவர் பின்னால் போய்விட்டது. வருட மதிப்பீட்டில் தொழில்நுட்பத்துக்கு ஐந்துக்கு ஐந்து. மக்களிடம் பழகும் திறனுக்கு இரண்டு. டவுனில் நடக்கும் ஆளுமை வளர்ச்சி வகுப்புக்குப் போகச் சொல்கிறார் டீம் ஹெட். கட்டணம் 18,000 ரூபாய். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். மக்களுக்கு நல்லது சொன்னாலும் புரிவதில்லை. நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையா? கோயம்புத்தூரில் ஒரு டிசைன் ஆபீசில் கூப்பிடுகிறார்கள், போய்விடலாமா?

“பின்குறிப்பு மாதிரி இன்னொன்று. கண்மாய்க் கரையில் 34 வீடுகள் இருக்கின்றன. மூன்றாவது கூட்டத்தில் சத்தம் அதிகமானபோது, ‘உங்க வீட்டுல ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டாங்க, நான் பொறுப்பு’ என்று சொல்லிவிட்டேன். போன வாரம் சர்வேயர் வந்து அந்தச் சுவர்களில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கிருந்து ஒரு அம்மா தினமும் போன் செய்கிறார். நான் எடுப்பதில்லை.”

தம்பி,

இருபத்தாறு வருடமாகக் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பின்குறிப்பில் வருவதுதான் பெரும்பாலும் கடிதமே. அதனால் மதிப்பெண், வகுப்பு, கோயம்புத்தூர் எல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அந்த அம்மாவின் போன்

கூட்டத்துக்குப் பெண்கள் வரவில்லை என்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன வாக்கு அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குள் போய்விட்டது, பாருங்கள். மகனோ வீட்டுக்காரரோ போய், “இன்ஜினியர் தம்பி பொறுப்பு ஏத்துக்கிட்டாரு” என்று சொல்லியிருப்பார்கள். இப்போது சுவரில் எண் இருக்கிறது, பொறுப்பு ஏற்றவர் போனை எடுக்கவில்லை. அடுத்த வருடம் நீங்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்தத் தெருவில் அது ஏறாது.

நீங்கள் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டீர்கள். கூட்டத்தில் சத்தம் ஏறும்போது அதை அடக்குவதற்காக நம் கையில் இல்லாததைக் கொடுத்துவிடுகிறோம். களத்தில் நான் பார்த்த தவறுகளில் இதுதான் அதிகம். கடுமையாகப் பேசும் ஆட்களைவிட, எல்லோருக்கும் நல்லவராக இருக்க விரும்புகிற உங்களைப் போன்ற மென்மையானவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இந்த வாரமே போங்கள். அதற்கு முன் டீம் ஹெட்டிடம் நடந்ததைச் சொல்லி, ஒரு மெயிலிலும் எழுதிவிடுங்கள். கூட்டம் கூட்ட வேண்டாம். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில் திரும்பப் பெறப் போனால் அது சண்டையில்தான் முடியும். வீடு வீடாகப் போங்கள், முதலில் அந்த அம்மா வீட்டுக்கு. கூட ஒரு சக பணியாளரை அழைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு பெண்ணை. உள்ளூர்ப் பிரமுகர் யாரையும் துணைக்குக் கூட்டிப்போக வேண்டாம். மிரட்ட வந்ததாகத்தான் நினைப்பார்கள்.

சொல்ல வேண்டியது மிகக் குறைவு: “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. அதைச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. போன் எடுக்காததும் தப்பு.” அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘ஆனா’ என்று அடுத்த வாக்கியம் வேண்டாம், ‘மேலே சொன்னாங்க’ என்பதும் வேண்டாம். அவர் திட்டுவார், திட்டட்டும். வாசலில் நின்றபடி கேட்காமல், உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அழுதால் உடனே சமாதானம் சொல்ல வாயைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் அடுத்த பொய் வாக்குறுதி வாயில் வரும்.

அப்புறம், தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லுங்கள். தெரியாதவற்றை என்றைக்குள் விசாரித்துச் சொல்வீர்கள் என்று ஒரு நாள் குறித்துவிட்டு வாருங்கள். அந்த நாளில் புது விஷயம் எதுவும் கிடைக்காமல் போனாலும் போங்கள். “இன்னும் ஒண்ணும் தெரியலம்மா” என்று சொல்வதற்காகவாவது போக வேண்டும்.

வீடுகள் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்த அளவு தெரியாமல் கரையோரக் குடியிருப்பில் யாரும் வேலை செய்யக் கூடாது.

முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். பொதுவாக ஆயக்கட்டு (கண்மாயால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். துறையின் கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. பொதுவாகப் புறம்போக்கு நிலத்துக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். இரண்டிலும் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் அகற்ற முடியும். சுவரில் போட்ட எண் நோட்டீஸ் ஆகாது. நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி, குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். வாங்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று ஊரில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரேஷன் கார்டு, கரண்டு பில், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இவை நிலத்தின் மேல் உரிமை தராது, நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடைக்கும் என்ற ஆசையையும் வளர்க்காதீர்கள். ஆனால் எத்தனை வருடமாகக் குடியிருக்கிறார்கள் என்பதற்கு இவைதான் ஆதாரம், மாற்று இடம் கேட்கும்போது உதவும். மாற்று இடம் என்றதுமே, ‘ராஜாக்கூர் மாதிரி எங்கேயோ தூரத்து மாடிவீட்டுக்கு அனுப்பிடுவாங்களா, பூ வேலைக்கு எப்படிப் போறது?’ என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. பதில் தெரியாவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். அந்த இடத்தைக் காட்டிக்கொடுங்கள். நீங்களே அவர்களுக்காக மனு எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். திட்டத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்தால் நாளைக்கு இரண்டு பக்கமும் உங்களை நம்பாது.

ஒன்று எனக்குப் புரியவில்லை. சர்வேயர் வருவது உங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி? வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? மக்களிடம் பழகுவது என்றால் குடிசைவாசல் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். தலையாரி, ஓவர்சியர், ஒன்றிய அலுவலகத்து எழுத்தர் எல்லோரும் மனிதர்கள்தான். காரியம் இல்லாத நாளிலும் அவர்களைப் பார்த்து ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால், அளக்க வருவதற்கு முந்தின நாள் உங்களுக்கு ஒரு போன் வந்திருக்கும்.

‘மக்களுக்குப் புரிவதில்லை’

இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துண்டை உதறிவிட்டுப் போன பெரியவருக்குக் கண்மாயின் உள்வாயில் (தண்ணீர் பரவி நிற்கும் பக்கம்) நிலம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கலுங்கை அரையடி உயர்த்தினால் கொள்ளளவு கூடும், சரி. கூடுகிற தண்ணீர் எங்கே போய் நிற்கும்? கண்மாய் தட்டு மாதிரி விரிந்து கிடப்பது. கலுங்கில் அரையடி என்பது உள்வாயில் எத்தனையோ வயல்களுக்குள் கணுக்கால் தண்ணீராகலாம். அது மட்டுமல்ல, நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலியாகக் கோர்த்தவை. உங்கள் கலுங்கில் மறுகால், அதாவது மிச்சத் தண்ணீர், போனால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. இங்கே அரையடி உயர்ந்தால் அங்கே தண்ணீர் தாமதமாகும், மழை குறைந்த வருடத்தில் வராமலே போகும். கலுங்கில் யார் கல் வைத்தது, யார் மண் கொட்டி அடைத்தது என்று தலை உடைந்த ஊர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. “ஒனக்கு என்னடா தெரியும்” என்று அவர் கேட்டதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கலாம். நீங்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டீர்கள். நான் அதை ஒரு தொழில்நுட்ப ஆட்சேபணையாகத்தான் வாசிக்கிறேன்.

போய்க் கேளுங்கள். படத்தை எடுத்துப் போகாதீர்கள். “ஐயா, கலுங்குகிட்ட ஒருதடவ கூட்டிட்டுப் போய்க் காட்டுறீங்களா?” என்று கேட்டு, அவர் நடக்கிற வேகத்தில் கூட நடங்கள். நடக்கும்போது ஆட்கள் பேசுவார்கள், முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் அவ்வளவு பேச மாட்டார்கள். அவர் சொல்லி முடித்ததும், “அப்ப கலுங்க ஒசத்துனா ஒங்க பக்கம் நாத்தெல்லாம் முங்கிரும்னு சொல்றீங்க, சரியாய்யா?” என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் காலத்திலிருந்து ஆலோசகர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பழக்கம்தான் இது. ஆனால் கிளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் செய்தால் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். மூன்று நான்கு பேச்சுக்கு ஒருமுறை போதும்.

இதில் நானும் அடிபட்டவள்தான். 1990களின் கடைசியில், வைகைக் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். அடுப்படிப் படியில் உட்கார்ந்து ஒரு அம்மா, ஆற்றில் வெள்ளம் வந்த ராத்திரியில் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டுமென்று நான் நோட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. திடீரென்று சத்தம் நின்றது. பார்த்தால், அவர் முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்திருந்தார். “நீ எழுதி முடி தாயி, பெறகு பேசுவோம்” என்றார். அந்தப் ‘பெறகு’ வரவே இல்லை. அதன்பிறகு முதல் பேச்சுக்கு நான் நோட்டு கொண்டுபோவதில்லை. வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன்.

மந்தையில் யார் இல்லை?

கூட்டம் போட்ட இடமே ஒரு முடிவு, தம்பி. நம் பக்கத்தில் மந்தையும் சாவடியும் ஆண்கள் உட்காருகிற இடம். அதிலும் எல்லா ஆண்களும் இல்லை. காலனித் தெருக்காரர்கள் ஓரமாக நின்றார்களா, வரவே இல்லையா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. நீங்கள் கவனிக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். நேரம் என்ன? காலை பதினொன்று என்றால் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் எப்படி வருவார்கள்? பூ எடுக்கிற வீடுகளில் இருட்டோடு எழுந்து மல்லிகை பறித்து, அது மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுப்பே பற்றும். அவர்களைச் சாயங்காலம், குழாயடிப் பக்கமோ திண்ணையிலோ போய்ப் பாருங்கள். ஆறு பேர் போதும், நாற்பது பேர் வேண்டாம்.

நாற்பது பேரை உட்காரவைத்துப் படம் காட்டுவது மக்கள் பங்கேற்பு என்று நம் துறையில் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்து எழுதினார். அதில் தகவல் சொல்வது மூன்றாவது படி, கருத்துக் கேட்பது நான்காவது படி. கூட்டாகச் செய்வது ஆறாவது படியில்தான் வருகிறது. நீங்கள் நான்கு கூட்டமும் மூன்றாவது படியிலேயே நின்று நடத்தியிருக்கிறீர்கள்.

மேலே ஏற ஒரு வழி, தரையில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்வது. பி.ஆர்.ஏ. (மக்களே பங்கெடுக்கும் கிராம மதிப்பீடு) என்று படிப்பில் வந்திருக்கும். கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் அதைப் பற்றிப் பேசும்போது, குச்சியை அவர்கள் கையில் கொடு என்பார். கொடுப்பது சுலபம், திரும்பப் பிடுங்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஒருமுறை மேலூர்ப் பக்கம் நான் ஆசையாகப் போட்ட வரத்துக்கால்வாய்க் கோட்டை ஒரு அப்பத்தா காலால் அழித்துவிட்டு, “இது அடஞ்சு பத்து வருசமாச்சு, ஆத்தா” என்று வேறு பக்கம் வரைந்தார். வருவாய்த் துறை வரைபடத்தில் கால்வாய் நான் வரைந்த இடத்தில்தான் இருந்தது. தண்ணீர் அவர் வரைந்த இடத்தில் போய்க்கொண்டிருந்தது.

கூப்பிடுகிற விதத்தையும் பாருங்கள். ஊரில் எல்லோரையும் ‘சார்’ என்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மந்தையில் ‘சார்’ என்றால் கவர்ன்மென்ட் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். அதற்காக மாமா, மச்சான் என்று உறவு கொண்டாடவும் வேண்டாம். இங்கே அந்த வார்த்தைகளுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது, ஒரு தெருவுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டால் அடுத்த தெரு தூரமாகிவிடும். ஐயா, அம்மா, அண்ணே, அக்கா போதும். உங்கள் கடிதத்தில் ஒரு இடம் என்னை உறுத்தியது. மடை திறக்கிற நீர்பாய்ச்சியைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘அவன்’ என்று வந்திருக்கிறது, அறுபது வயது என்றும் அதே வரியில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கமாக இருக்கும். நாளையிலிருந்து அவரையும் ‘ஐயா, வாங்க’ என்று கூப்பிடுங்கள், நாலு பேர் முன்னால். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எந்த மடை எத்தனை நாளைக்கு ஓடும் என்று உங்கள் லேப்டாப்பைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

18,000 ரூபாய் வகுப்பு

போக வேண்டாம். மேடையில் நிமிர்ந்து நிற்பது, கை குலுக்குவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். இன்டர்வியூவுக்கு அது உதவும், உங்கள் ஊரில் உதவாது. கண்ணைப் பார்த்தே பேசுவேன் என்று வயதான பெண்களிடம் போய் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூச்சத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். கூச்சமுள்ளவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், இந்த வேலையில் அது பாதி மூலதனம். உங்களிடம் நான் பார்க்கிற குறை வேறு. பயம் வந்தால் வேகமாகப் பேசுகிறீர்கள், சத்தம் வந்தால் எதையாவது கொடுத்துவிடுகிறீர்கள், தர்மசங்கடம் வந்தால் ஒளிந்துகொள்கிறீர்கள். மூன்றும் பழக்கத்தால் மாறக்கூடியவை.

அடுத்த கூட்டத்தை, வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, போனில் பதிவு செய்யுங்கள். ராத்திரி கேட்டு, நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், மற்றவர்கள் எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள். பல பேருக்கு முதல்முறை கேட்கும்போது வெட்கமாகிவிடும். எனக்கும் ஆனது. அந்த அம்மா வீட்டுக்குப் போவதற்கு முன், சக பணியாளர் ஒருவரை அந்த அம்மாவாக உட்காரவைத்து உங்களைத் திட்டச் சொல்லுங்கள். நாடகம் மாதிரித் தோன்றும், ஆனால் இரண்டு தடவை செய்தால் ‘ஆனா’ நாக்கிலிருந்து இறங்கிவிடும். டீம் ஹெட்டிடமும் ஒன்று கேளுங்கள். இரண்டு மதிப்பெண் போட்டவர் எந்தக் கூட்டத்தில், எந்த நிமிடத்தில் அதைப் பார்த்தார்? சொல்ல முடியாவிட்டால், அடுத்த மூன்று கூட்டத்துக்கு வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். அந்த 18,000 ரூபாயில் உங்கள் டீமே இரண்டு மூன்று ஊர்களுக்குப் போய்வரலாம். மதுரையில்தான் தானம் அறக்கட்டளை இருக்கிறது. கண்மாய்ப் பாசன விவசாயிகளை 1990களிலிருந்து வயலகம் என்ற பெயரில் சங்கமாகச் சேர்த்துவருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சங்கக் கூட்டத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, பேசாமல் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். விவசாயிகளே கணக்குக் கேட்கிற கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

கோயம்புத்தூர்

டிசைன் வேலை பிடித்திருந்தால் போங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. எல்லோரும் களத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 34 வீட்டுக்கும் போய்வருவதற்கு முன் ராஜினாமா எழுதாதீர்கள். அப்படிப் போனால் சிவப்பு எண்களும் கூடவே வரும். போய்வந்த பிறகும் விருப்பமிருந்தால், உங்கள் இடத்துக்கு வருகிறவரை அந்த அம்மாவிடமும் பெரியவரிடமும் நீர்பாய்ச்சியிடமும் நீங்களே கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

கலுங்கை உயர்த்தும் வேலையை மட்டும் அதுவரை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதுங்கள், காரணத்தோடு. பெரியவருக்கு உள்வாயில் எத்தனை சென்ட் என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.